செங்கழுநீர் நடும் உரிமை
திருமுல்லைவாயிலும் தொண்டைமண்டலத்து மழைநீர்க் குளங்களும்

தொண்டைமண்டலம் ஏரிகளின் நாடு. சோழநாட்டுக்குக் காவிரி வாய்த்ததுபோல் இதற்கு ஒரு பேராறு வாய்க்கவில்லை. பாலாறும் கூவமும் குசத்தலையாறும் ஆரணியாறும் மழைக்காலத்தில் கரைபுரண்டு, கோடை வருமுன் மணலாகிவிடும் இயல்பின. ஆதலின் இந்நாட்டார் வானத்தை நம்பி மண்ணை வளைத்தனர். ஊர்தோறும் ஏரி, கோயில்தோறும் குளம், மேட்டுநிலத்தில் ஒரு தாங்கல் என்று நீர் நிற்கும் இடங்களைத் தம் கையாலேயே ஆக்கிக்கொண்டனர். அந்நீர்நிலைகளில் ஆம்பலும் குவளையும் செங்கழுநீரும் பூத்தன. அவை தாமே முளைத்துத் தாமே பூத்த மலர்கள் என்றே பலரும் கருதுவர். பல்லவர் சோழர் காலத்துச் செப்பேடுகளோ வேறு செய்தி கூறுகின்றன. இம்மலர்கள் நடவும் பட்டன. நடுவதற்கு உரிமை வேண்டியிருந்தது. அவ்வுரிமைக்கு அரசு இறை பெற்றது. ஒரு பூவை நடுவதற்கு ஏன் உரிமை வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தேடினால், மழைநீர்க் குளத்தை ஆக்கிக் காத்த ஊராரின் வரலாறு அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். அவ்வரலாற்றைத் திருமுல்லைவாயிலை நடுவாக வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முல்லை நிலத்து ஊர்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த திருமுல்லைவாயில், பண்டைத் தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புழற்கோட்டத்தைச் சார்ந்தது. தொண்டைமான் குறும்பரோடு பொர வந்தபோது அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்றும், அக்கொடியை வாளால் அரிந்தபோது வெட்டுண்ட இலிங்கம் வெளிப்பட்டது என்றும் தலவரலாறு கூறும். மாசிலாமணியீசுவரர் சந்நிதியில் நிற்கும் எருக்கந்தூண்கள் இரண்டும், இறைவனை நோக்காது கிழக்கு நோக்கி அமர்ந்த நந்தியும் அக்கதையின் சான்றுகளாக இன்றும் காட்டப்படுகின்றன. கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் இக்கோயிலுக்கு நிலம் அளித்த செய்தியைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சூளுரையை மீறியதால் பார்வை இழந்த சுந்தரர், திருவாரூர் மீளும் வழியில் இவ்வூரை வந்து வணங்கினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அவர் பாடிய பதிகம் இவ்வூரைப் பாலியாற்றின் வடகரையில் வைத்துப் பேசுகிறது. பாலி என்பது பாலாறு. இன்று பாலாறு இவ்வூருக்குத் தெற்கே நெடுந்தொலைவில், காஞ்சிபுரத்தைக் கடந்து சென்று கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் பாலாறு வடகிழக்காக ஓடிக் குசத்தலையாற்று வழியே கடலை அடைந்தது என்று நிலவியலார் கருதுவர். குசத்தலையாற்றைப் பழைய பாலாறு எனக் கூறும் வழக்கும் உண்டு. ஆறு திசைமாறிய நிலத்தில் ஊரார்க்கு எஞ்சிய நீர்வளம் மழை ஒன்றே. வடக்கே குசத்தலையாற்றுக்கும் தெற்கே கூவத்துக்கும் நடுவே ஏரிகள் இத்துணை நெருங்கிக் கிடப்பதன் காரணம் இதுவாகும்.

மழையின் கணக்கு

இப்பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இது குறைவான மழையன்று. ஆயின் அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில், அதிலும் புயல் வீசும் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடும். மறுபுறம், திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் ஓராண்டில் கவர்ந்து செல்லும் நீரின் ஆழம், பெய்யும் மழையின் ஆழத்தை விஞ்சும். தன் மேல் விழும் மழையை மட்டும் நம்பி வெட்டப்பட்ட குளம் ஆண்டு முடியுமுன் வற்றியே தீரும் என்பது இதனாற் பெறப்படும்.

எனவே மழைநீர்க் குளம் என்பது வெறும் பள்ளமன்று. தன் பரப்பினும் பன்மடங்கு பெரிதாகிய மேட்டுநிலத்தில் விழும் மழையைத் தன்னிடம் அழைத்து வரும் ஏற்பாடு அது. ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 4 இலட்சம் லிட்டர். மண் பருகியது போக அதில் பாதி ஓடிவந்தாலும் 2 இலட்சம் லிட்டர் குளத்தைச் சேரும். அந்த ஏக்கரில் ஒரு சுவரோ மேடோ எழுந்து நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டால், குளத்தின் கரையில் ஒரு பிடி மண்ணும் சரியாமலே குளம் பாழ்படும். குளம் வெட்டுவது பாதி வேலை என்றும் வரத்துக்காலைக் காப்பது மறுபாதி என்றும் முன்னோர் கொண்டிருந்ததன் உண்மை இக்கணக்கில் விளங்கும்.

ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கலிங்கு வழியே அடுத்த தாழ்வான ஏரியை அடையும். அம்பத்தூர் ஏரி நிறைந்து கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரத்து இரட்டை ஏரிக்கும் நீர் செல்வது இத்தகைய தொடரமைப்பு. மேலூரின் மிகுதி கீழூரின் முதலாக அமைந்தது. ஓர் ஊர் தன் கலிங்கை உயர்த்திக் கட்டினால் மேலூர் மூழ்கும், கீழூர் காயும். ஆகவே நீர்நிலை ஒவ்வொன்றும் பல ஊர்களுக்கு இடைப்பட்ட ஓர் உடன்படிக்கையாகவும் இருந்தது.

குளம் தொடுதல்

ஏரியும் குளமும் ஒன்றல்ல. ஏரி என்பது சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தை மட்டும் வளைகரையால் மறித்து நீரைத் தேக்குவது. மேற்புறம் திறந்தே கிடக்கும். அந்நீர் பெரும்பாலும் வயலுக்கு உரியது. குளம் என்பது அகழ்ந்து ஆக்கப்படுவது. நாற்புறமும் கரையோ படியோ உடையது. குடிக்கவும் குளிக்கவும் கோயில் வழிபாட்டுக்கும் அது பயன்பட்டது. பாரியின் பறம்புநாட்டில் இருந்த சிறுகுளத்தின் வளைந்த கரையைக் கபிலர் எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிட்டார். அவ்வுவமை கரைகட்டும் தொழிலின் நுட்பத்தையும் உணர்த்துகிறது. நிலத்தின் சம உயரக் கோட்டைத் தழுவி வளையும் கரையே குறைந்த மண்ணால் மிகுந்த நீரைத் தாங்கும்.

குளம் அமைத்தலின் உறுப்புகளைக் காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம் ஐந்தாக வகுக்கிறது. குளத்தைத் தோண்டல், கரை அமைத்தல், நீர் செல்லும் வழியைச் செம்மைப்படுத்தல், வயலை ஆக்கல், பொதுக்கிணறு அமைத்தல் என்பன அவை. ஈண்டுக் 'கோடு' என்ற சொல்லைக் கரை எனக் கொள்வாரும், கரைமேல் நடும் மரக்கிளை எனக் கொள்வாரும் உளர். கரைமேல் பனையும் பிற மரங்களும் நட்டு மண்ணை இறுக்கும் வழக்கம் இப்பகுதியில் நெடுங்காலமாக உள்ளமையின் இரண்டு பொருளும் பொருந்துவனவே. உணவு என்பது நிலத்தொடு கூடிய நீரே என்றும், பள்ளமான இடத்தில் நீரைத் தேக்கியவரே தம் பெயரை நிலைநிறுத்தியவர் என்றும் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

கட்டும் முறையை விரிவாகக் கூறும் கல்வெட்டு ஒன்று ஆந்திர நாட்டுக் கடப்பைப் பகுதியைச் சார்ந்த பொருமாமிள்ளையில் உள்ளது. விசயநகர அரச குடும்பத்துப் பாஸ்கரன் என்னும் பவதூரன் அங்கு வெட்டுவித்த பேரேரியைப் பற்றிய அக்கல்வெட்டின் காலம் 1369. நாள்தோறும் 1,000 ஆட்களும் கல் சுமக்க 100 வண்டிகளுமாக இரண்டு ஆண்டுகள் பணி நடந்தது என்று அது கூறுகிறது. நல்ல ஏரிக்கு வேண்டிய உறுப்புகள் பன்னிரண்டையும் ஏரிக்கு வரக்கூடாத குற்றங்கள் ஆறனையும் அது பட்டியலிடுகிறது. அறம் உடைய அரசன், நீர்நூல் வல்லார், கெட்டியான மண், உறுதியான கரை, ஆழ்ந்தகன்ற உள்வாய், தொழில் தெரிந்த ஆட்கள் ஆகியன உறுப்புகளுள் சில. கரையில் நீர் கசிதல், உவர்மண், ஏரியின் நடுவே மேடு இருத்தல், நீர் குறைந்து இடம் மிகுதல், இடம் குறைந்து நீர் மிகுதல் ஆகியவற்றோடு, இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைதல் என்பதையும் ஒரு குற்றமாக அக்கல்வெட்டு எண்ணுகிறது. மண்ணையும் கல்லையும் பற்றிய குற்றங்களோடு ஆட்சியைப் பற்றிய குற்றம் ஒன்றும் வைத்து எண்ணப்பட்டது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இருவர்க்கு உரியது ஒருவராலும் காக்கப்படாது என்பது அதன் கருத்து.

நீர் வற்றினும் நீங்காத மலர்

குளம் நிறைந்த பின் அதில் நிற்பவை எவை? தாமரை ஒரு குடும்பத்தது. ஆம்பல், குவளை, செங்கழுநீர் என வழங்குவன வேறொரு குடும்பத்தவை. தாமரையின் முதிர்ந்த இலை நீரினின்றும் மேலெழுந்து நிற்கும். ஆம்பலின் இலை நீர்மேல் படிந்து கிடக்கும். இலையின் ஓரத்தில் வெட்டு இருத்தல் ஆம்பலினத்தின் அடையாளம். வெள்ளை ஆம்பலும் செவ்வல்லியும் இரவில் மலர்ந்து காலையில் கூம்புவன. ஆதலின் புலவர் அவற்றைத் திங்களொடு சார்த்தினர். நீல நிறக் குவளை பகலில் மலர்வது. அந்நீலமலரே இலங்கையின் தேசிய மலராக 1986இல் ஏற்கப்பட்டது. ஆம்பல், குவளை, தாமரை ஆகிய பெயர்கள் பேரெண்களின் பெயர்களாகவும் பழந்தமிழில் வழங்கின. நிறைந்த குளத்துப் பூக்களை எண்ணி முடியாத மக்களின் வியப்பு அப்பெயர்களில் உறைந்திருக்கிறது எனலாம்.

மழைநீர்க் குளத்துக்கு இம்மலர் இயற்கையாகப் பொருந்துவதற்குக் காரணம் அதன் கிழங்கு. சேற்றில் புதைந்த கிழங்கு, குளம் வற்றி இலைகள் கருகிய பின்னும் ஈரம் முற்றும் அகலாத களிமண்ணுள் உயிரொடு கிடக்கும். அடுத்த மழையில் நீர் ஏறியதும் தளிர்க்கும். நீர் உயர உயரக் காம்பும் நீளும். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு இதனை உவமையாக்கியது யாவரும் அறிந்தது. குளம் வற்றியதும் பறந்து போகும் பறவையைப் போலாது, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போல உடனிருந்து வாடுவோரே உறவினர் என மூதுரை கூறுவதும் இக்கிழங்கின் இயல்பை நேரிற் கண்டறிந்த அறிவே. ஆண்டுதோறும் வற்றி ஆண்டுதோறும் நிறையும் குளத்தோடு வாழக் கற்ற செடி இது.

இதனை நடும் முறையும் அவ்வியல்பையே பின்பற்றும். கோடையில் நீர் வற்றிச் சேறு வெளிப்பட்ட காலத்தில், கரையோரத்துத் தாழ்வான பகுதியில், கிழங்கைக் களிமண்ணில் பொதிந்து சேற்றுள் அழுத்தி வைப்பர். தொடக்கத்தில் முழங்காலளவுக்கு மேல் நீர் நிற்றல் கூடாது, இளந்தளிர் அழுகிவிடும். மழையால் நீர் மெல்ல ஏறும்போது செடியும் உடன் ஏறும். காய் நீருக்குள்ளேயே முதிர்ந்து வெடிக்கும். விதைகள் சிறிது தொலைவு மிதந்து சென்று பின் அமிழ்ந்து புது இடத்தில் முளைக்கும். படர்ந்த இலைகள் வெயில் நேரே நீரில் படுவதைக் குறைத்துப் பாசியை அடக்கும்; மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகும்; இலைக்கோழி அவ்விலைகள் மேலேயே நடந்து இரைதேடும். குளம் முழுவதையும் இலை மூடிவிடாமல் அவ்வப்போது அரிந்து களைதலும் வேண்டும்.

இம்மலர் அழகுக்கு மட்டும் உரியதன்று. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய புறநானூற்றுப் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி, இளமையில் தனக்குத் தழையுடையாக உதவிய வெள்ளாம்பல், இன்று கைம்மை நோன்பில் தனக்குப் புல்லரிசி உணவாயிற்று என்று வருந்துகிறாள். இளமைக்கு அணியாகவும் வறுமைக்கு உணவாகவும் ஒரே குளத்து மலர் நின்றது. கிழங்கும் விதையும் பஞ்சகாலத்து உணவு. பூ வழிபாட்டுக்கும் மருந்துக்கும் உரியது. பயன் உண்டாயின் உரிமை உண்டாம். உரிமை உண்டாயின் இறையும் உண்டாம்.

செப்பேடுகள் கூறும் உரிமை

பல்லவர் செப்பேடுகளில் ஊர்க்கொடையோடு விலக்களிக்கப்பட்ட இறைகள் பல கூறப்படுகின்றன. தறிக்கும் தட்டாருக்கும் செக்குக்கும் உரிய இறைகளோடு, 'குவளைக் காணம்' என்பதும் அவற்றுள் ஒன்று. சி. மீனாட்சி 1938இல் வெளியிட்ட பல்லவர் ஆட்சி பற்றிய ஆங்கில நூலும், மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு' என்னும் நூலும் இவ்விறையை ஆராய்ந்துள்ளன. குவளையை நடுவதற்குச் செலுத்தியது குவளை நடு வரி. விற்பதற்குச் செலுத்தியது குவளைக் காணம் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு.

சோழர் செப்பேடுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. லெய்டன் செப்பேடு என அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடு, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அளித்த கொடையைக் கூறுவது. திருமுல்லைவாயிலுக்கு மேற்கே உள்ள திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடு, பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைக் கூறுவது. கொடை பெற்றோர்க்கு வழங்கிய உரிமைகள் இவற்றில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. நிலத்துக்கு ஏற்ற நீரைப் பெற வாய்க்கால் வெட்டலாம், கிணறு தோண்டலாம், சுட்ட ஓட்டால் மாடம் எடுக்கலாம், தோப்பு வைக்கலாம், தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நடலாம் என்பன அவ்வுரிமைகள். அவற்றையடுத்துத் தடைகளும் வருகின்றன. புறத்தார் அவ்வாய்க்காலிலிருந்து கிளை வெட்டுதல் கூடாது. சிற்றேற்றம் இடுதல் கூடாது. கூடையால் நீர் இறைத்தலும் கூடாது.

செங்கழுநீர் நடும் உரிமையும் கூடையால் நீர் இறைக்கலாகாது என்ற தடையும் ஒரே ஆணையில் நிற்பது தற்செயலன்று எனத் தோன்றுகிறது. செங்கழுநீர் நடுவோர்க்கு மாதக்கணக்கில் நிற்கும் நீர் வேண்டும். மழையை நம்பிய நாட்டில் மாதக்கணக்கில் நிற்கும் நீர் மிக அரிய பொருள். பூவுக்காக நீரை நிறுத்துவோர், அந்நீரை வயலுக்கு விடாமல் நிறுத்துகின்றனர். ஆகவே பூவை நடும் உரிமை என்பது உண்மையில் நீரை நிறுத்தி வைக்கும் உரிமையே. அதனை அரசு அளக்காமல் விட்டிருக்க இயலாது. நீரின் மதிப்பு அறிந்த நாட்டில்தான் பூவுக்கு இறை பிறக்கும்.

இவ்வுரிமை பெருங்கோயில்களில் எவ்வளவு விரிந்தது என்பதற்குத் திருவாரூர் சான்று. அங்குக் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பது வழிவழி வந்த மொழி. வேலி என்பது ஏறத்தாழ 6⅔ ஏக்கர். ஐந்து வேலி ஏறத்தாழ 33 ஏக்கர். இறைவன் உறையும் இடத்துக்கு எத்துணைப் பரப்போ, அவனுக்குரிய மலர் பூக்கும் நீருக்கும் அத்துணைப் பரப்பு என வகுத்த மனம் அம்மொழியில் தெரிகிறது. முல்லைவாயிலில் பார்வையின்றி நின்ற சுந்தரர் மீண்டு சென்று வலக்கண் பெற்ற ஊர் அதுவே.

வாரியமும் தூரும்

உரிமை எங்கு உண்டோ அங்குக் கடமையும் இருந்தது. மழைநீரோடு மண்ணும் வரும். ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றாவிடில் ஏரி மேடாகும். தொண்டைமண்டலத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. வாரியத்தார் ஓராண்டுக் காலமே பணியாற்றினர்; கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார். அவ்வூரின் வயிரமேக தடாகத்தில் தூர் வாருவதற்கென்று அறக்கட்டளைகள் வைக்கப்பட்டன. தூர் எடுக்க ஓடங்கள் பயன்படுத்தப்பட்டன. பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையால் ஆண்டுதோறும் தூர் எடுக்கும் முறை அது. ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது; ஏரிக்கென வாங்கிய இறை ஏரி ஆயம் எனப்பட்டது. ஏரி மீனின் பாட்டத்தையும் ஏரிக்கே செலவிட்ட ஊர்கள் உண்டு.

இம்முறையின் நுட்பம் கருதத்தக்கது. குளத்திலிருந்து எடுக்கப்பட்ட பயன், மீனாயினும் பூவாயினும் நெல்லாயினும், ஒரு பகுதி குளத்துக்கே திரும்பியது. வாரிய வண்டல் வயலுக்கு எருவாயிற்று. குளத்தால் வாழ்ந்தோரே குளத்தைக் காத்தனர்.

உரிமை அழிந்த வரலாறு

இக்கட்டு தளர்ந்தது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலவரி முறை ஊர்ப்பொதுவில் இருந்த வருவாயை அரசின் கருவூலத்துக்குத் திருப்பியது. ஏரிப்பட்டிகளும் மானியங்களும் சுருங்கின. பராமரிக்கும் பொறுப்பு மட்டும் ஊரார் தலையில் நின்றது. ஊரார் தாமே செய்துவந்த பணிக்குக் குடிமராமத்து என்று பெயரிட்டு, 1858இல் சட்டத்தால் அதனைக் கட்டாயமாக்க முயன்றனர். வருவாயின்றி வேலையை மட்டும் வாங்கும் சட்டம் நெடிது பயன் தரவில்லை.

அடுத்து நகரின் தாகம் வந்தது. சென்னை நகருக்குக் குடிநீர் தருவதற்காகப் புழல் ஏரி 1872 முதல் பயன்படலாயிற்று. வயலுக்கென்று இருந்த நீர் நகரக் குழாய்க்குச் சென்றது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. முல்லைவாயிலுக்குப் பின் சுந்தரர் சென்று ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம் அந்நீர்த்தேக்கத்துள் மூழ்கியதால், அவ்வூர்க் கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. ஓர் ஊர் தன் குளத்தில் நீர் தேக்கிய காலம் போய், நகருக்கு நீர் தேக்க ஊரே நீருள் மூழ்கும் காலம் வந்தது.

மூன்றாவது மாற்றமே மிக ஆழமானது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலை தேடி வந்தோர்க்கு வீடு வேண்டியிருந்தது. ஏரிக்குக் கீழிருந்த வயல்கள் மனைகளாயின. பல குடும்பங்களை வாழவைத்த அம்மாற்றத்தைப் பழிப்பதற்கில்லை. ஆயின் வயல் போனதும் மதகுக்கு வேலை இல்லாது போயிற்று. மதகைத் திறக்கும் நீர்க்கட்டியார், வரத்துக்காலைச் சீர்செய்யும் உழவர், மீன்பாட்டம் எடுப்போர், பூக்கொய்வோர் என்று குளத்தில் பங்குடையோர் ஒவ்வொருவராக அகன்றனர். குளம் இருந்தது, குளத்துக்கு உரியவர் இல்லை. உரியவர் இல்லாத இடத்தில் கழிவுநீர் புகுந்தது.

கழிவுநீரின் அடையாளம் ஒரு செடியிலேயே காணப்படும். இன்று ஆகாயத்தாமரை என்று பொதுவாகச் சொல்லப்படும் வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவின் அமேசான் பகுதியைத் தாயகமாக உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்தில் புகுந்து, இந்தியா முழுவதும் பரவியது. சேற்றில் வேரூன்றாமல் மிதப்பது. கழிவுநீரின் உரச்சத்தை உண்டு விரைந்து பெருகுவது. செங்கழுநீர் மண்ணைப் பற்றி நின்று, குளம் வற்றினால் உடன் வாடிக் காத்திருக்கும். வெங்காயத்தாமரைக்கு அம்மண்ணோடு எவ்வுறவும் இல்லை. ஒரு குளத்தில் எது பூக்கிறது என்று கண்டால், அதற்குள் மழைநீர் வருகிறதா, சாக்கடை வருகிறதா என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

மீட்பும் அதன் எல்லையும்

ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2015 டிசம்பரில் பெய்த பெருமழை, நீர் நிற்க இடமில்லாத நகரில் அது எங்கு நிற்கும் என்பதைக் காட்டியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ முற்றும் வறண்டன. வெள்ளமும் வறட்சியும் இரு வேறு நோய்கள் அல்ல. மழைநீரைத் தங்கவைக்கும் இடங்களை இழந்த ஒரே நோயின் இரு குறிகள். 2017இல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பல ஏரிகளில் தூர் வாரியது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அதன் பின்னே நின்றவர்கள் அவ்வேரிக்கரையில் வாழும் மக்கள். திருமுல்லைவாயிலை அடுத்த பருத்திப்பட்டு ஏரி சீர்செய்யப்பட்டு, கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைக்கப்பட்டு, 2019இல் திறக்கப்பட்டது.

இவை நற்பணிகள். எனினும் பொருமாமிள்ளைக் கல்வெட்டு எண்ணிய குற்றம் ஒன்று இன்னும் நிற்கிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. திருமுல்லைவாயிலை உள்ளடக்கிய ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. மழைநீர் இவ்வெல்லைக்கோட்டை அறியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தன் வழியே ஓடும். வரத்துக்கால் ஓர் ஆட்சியிலும் குளம் மற்றோர் ஆட்சியிலும் கலிங்கு வேறொரு துறையின் கையிலும் இருக்குமாயின், அது இரண்டு அரசுகளின் எல்லையில் அமைந்த ஏரியே ஆகும். 1369இல் கல்லில் எழுதி எச்சரிக்கப்பட்ட குற்றம் இது.

இன்று இப்பகுதியில் ஒரு மழைநீர்க் குளத்தைப் புதிதாகத் தொடவோ பழையதை மீட்கவோ முனைவார்க்கு முன்னோர் வைத்துச் சென்ற வரிசை தெளிவானது. முதலில் வரத்துநிலத்தை அளந்து, அதன் நீர் வேறெங்கும் திரும்பாமல் காத்தல் வேண்டும். அடுத்து, சாக்கடை புகும் வாய்களை அடைத்தல் வேண்டும். அதன் பின்னரே அகழ்தல். அகழ்ந்த களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு மிதித்துக் கரையை இறுக்கல். கலிங்கின் உயரத்தை மேலூரும் கீழூரும் ஒப்ப வைத்தல். ஒரு மழைக்காலம் கண்டு, நீர் எங்கு எவ்வளவு நிற்கிறது என்று அறிந்து, அடுத்த கோடையில் கரையோரச் சேற்றில் செங்கழுநீர்க் கிழங்கை ஊன்றல். மலர் வரிசையின் இறுதியில் வருவது. முன்னவை எல்லாம் செம்மையாக நடந்தமைக்கு அது சான்று. அவற்றைச் செய்யாமல் மலரை மட்டும் நட்டால் ஒரு கோடையில் காயும், அல்லது மிதக்கும் களையின் அடியில் மறையும்.

உரிமை பற்றிய பழைய வினாவும் இங்கு மீள்கிறது. செங்கழுநீர் நடுவதற்கு இன்று எவரும் காணம் கேட்பதில்லை. அதனால் அது எளிதாகிவிடவில்லை. காணம் செலுத்தியவருக்கு அக்குளத்தில் ஒரு பங்கு இருந்தது. பங்கு இருந்தமையால் அதன் தூரையும் கரையையும் பற்றிக் கவலை இருந்தது. உத்திரமேரூர் ஏரி வாரியத்தாரின் பணிக்காலம் 360 நாட்கள். அதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அடங்கும். கிழங்கு தளிர்ப்பதும் உறங்குவதும் அதற்குள்ளேயே அடங்கும். ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்னும் வரத்துக்காலை நடந்து பார்த்து அடைப்பை நீக்கவும், ஒவ்வொரு சித்திரையிலும் வற்றிய குளத்தின் மண்ணை இறங்கிப் பார்க்கவும் பெயர் குறித்த சிலர் ஊரில் இருப்பார்களாயின், முல்லைவாயிலின் நீரில் செங்கழுநீர் நிற்கும்.